வன்னியா தெண்டியா

எண்ணெய் வைக்காமல் வரச் சொல்லியிருந்தோம்.
தேசப்பன் வைத்துக்கொண்டுதான் வந்தார்.
வராந்தாக் குழாயில் ஷாம்பு பொட்டலத்தைக் கிழித்து
நானே குனியவைத்துக் கழுவினேன்.
காதுமடலுக்குப் பின்னால் உப்பு பூத்திருந்தது.
"நேத்து கடலுக்குப் போனீங்களா?"
"போயி எட்டு மாசம் ஆவுது மேடம்."
அப்படியானால் அது வேர்வை.

மூக்கின் வேரிலிருந்து பின்மண்டை மேடு வரை
டேப் பிடித்தேன்: முப்பத்தாறு சென்டிமீட்டர்.
பத்து சதவீதம், இருபது சதவீதம்,
சிவப்புப் பென்சிலில் பத்தொன்பது புள்ளி.
புள்ளிக்கொரு பசை உருண்டை, அதன் மேல் கிண்ணம், கிண்ணத்திலிருந்து வயர்.
"ஷாக் குடுப்பீங்களா?"
"நாங்க எதுவும் குடுக்க மாட்டோம்.
உங்ககிட்டருந்து வர்றத எழுதிக்குவோம், அவ்ளோதான்."
"எங்கிட்டருந்து ஒண்ணும் வர்றதில்லயே"
என்றார், சிரிக்காமல்.

கண்ணை மூடுங்க.
பின்மண்டையில் ஆல்ஃபா எழுந்தது, விநாடிக்கு ஒன்பது.
கண்ணைத் திறங்க.
அடங்கியது.
பழைய ஜெயில் ரோட்டில் கன்டெய்னர் லாரி திரும்பினால்
எல்லா வரியும் சேர்ந்து நடுங்கும்.
ஓரத்தில் குறிப்பேன்: லாரி.
பல்லைக் கடித்தால்: தாடை.
சில வேளை நெற்றி வரிகள் மட்டும்
மெதுவாக, பெரிது பெரிதாக உருண்டு வரும்.
அப்போது திரையை விட்டு ஆளைப் பார்ப்பேன்.
மூடிய இமைக்குள் அழுகை.
அதற்கும் எங்கள் பாஷையில் இரைச்சல் என்றுதான் பெயர்.
வெட்டி எடுத்துவிட வேண்டும்.

நேற்று இதே நாற்காலியில் லீலாவதி,
வியாசர்பாடி, எக்ஸ்போர்ட் கம்பெனியில் காலர் தைப்பவள்.
பகலெல்லாம் தூக்கம், எவ்வளவு தின்றும் பசி,
கைகால் ஈயம்.
தேசப்பனுக்கோ மூன்று மணிக்கே விழிப்பு,
கவலை மீன் குழம்புகூட வாயில் மண்.
கேள்வித்தாளில் இருவருக்கும் இருபத்து நாலு.
இருவர் சீட்டிலும் மனச்சோர்வு,
இரவு ஒன்று, அதே வெள்ளை மாத்திரை.

என் தம்பிக்கும் அதைத்தான் கொடுத்தார்கள்.
ஆறாவது வாரம் அவன் தூங்குவதை நிறுத்தினான்.
கொருக்குப்பேட்டை கேட் மூடியிருந்த ஒரு சாயங்காலம்
பைக்கை நிறுத்திவிட்டு
காத்திருந்தவர்களுக்கெல்லாம் சம்பளத்தைப் பங்கு வைத்தான்.
சிலர் வாங்கிக்கொண்டார்கள்.
சோர்வுக்கு அடியில் வேறொன்று இருந்திருக்கிறது.
யாரும் அவன் தலையில் பென்சில் புள்ளி வைத்ததில்லை.
வைத்திருந்தால் தெரிந்திருக்குமா? தெரியாது.

டாக்டரம்மா பொய் சொல்வதில்லை.
இருநூறு பேரைச் சேர்த்துப் போட்டால்
கூட்டம் லேசாகப் பிரிகிறது என்கிறார்.
ஒற்றை ஆளை உட்காரவைத்து
இவர் இந்த வகை என்று சொல்ல இன்னும் முடியாதாம்.
இன்னும் என்பதைக் கொஞ்சம் அழுத்திச் சொல்கிறார்.

பதிவு முடிந்ததும் திரையைத் திருப்பிக் காட்டினேன்.
காட்டக் கூடாது. காட்டினேன்.
தேசப்பன் கண்ணைச் சுருக்கிப் பார்த்தார்.
"அலயப் பாத்து இன்னா மேடம் தெரியும்?
மேல எல்லாம் ஒரே தண்ணிதான்.
வலய எறக்கணும்.
அது எந்தப் பக்கம் இஸ்துகினு போவுதோ
அப்பதான் தெரியும், வன்னியா தெண்டியான்னு.
வன்னின்னா வடக்க போவும். தெண்டின்னா தெக்க."

"உங்கள எந்தப் பக்கம் இழுக்குது?"
படிவத்தில் இதற்குக் கட்டமில்லை.
இருபது நிமிஷப் பதிவில் நான் கேட்காதது.

வெளியே ஒரு லாரி முழுதாய்க் கடந்து போனது.
"இழுத்தாகூடப் பரவால்ல மேடம்.
நிக்குது."

இதை எங்கே எழுதுவது?
லாரி, தாடை என்று கிறுக்கியிருந்த ஓரத்தில்
பென்சிலை வைத்துக்கொண்டு கேட்டேன்,
நிற்கிற தண்ணிக்கும் பேர் உண்டா.
"இருக்குது" என்றார்,
பசை ஒழுகும் நெற்றியைத் துண்டால் துடைத்தபடி,
"மொதல்ல இந்தக் கோந்தக் கழுவி உடு."